வெள்ளிக்கிழமைப் பனி

எங்கள் பக்கத்தில் காய்ச்சலுக்குப் பனி என்றுதான் பெயர். மார்த்தாண்டம் சந்தையில் ஒருத்தி "பிள்ளைக்குப் பனி விடல்ல" என்று சொன்னால் வெளியூர்க்காரர் மார்கழி மூடுபனியை நினைத்துக் குழம்புவார். 2010 கடைசியில் தொடங்கி ஏறக்குறைய ஒரு வருடம் எங்கள் வீட்டில் 'வெள்ளிக்கிழமைப் பனி' என்று ஒன்று இருந்தது. அண்ணன் மனைவிக்கு, எங்கள் மைனிக்கு, வெள்ளிதோறும் சாயங்காலம் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து ஓர் ஊசி. ஏழு மணிக்குப் போட்டால் பத்து மணிக்கு நடுக்கம் தொடங்கும். இரண்டு கம்பளி, ஒரு பாராசிட்டமால், உப்புப் போட்ட கஞ்சி வெள்ளம். சனிக்கிழமை முழுக்க அடித்துப் போட்ட உடம்பு. ஞாயிறு காலையில் ஆராதனைக்குப் போகிற அளவுக்குத் தெம்பு வந்துவிடும். வெள்ளியைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். "ஊசிக்க பனி மக்களே, நாளைக்கு விடும்" என்று அம்மை நெற்றியைத் தடவிக்கொண்டிருப்பாள்.

ஊசியைத் திருவனந்தபுரத்தில் மருத்துவக் கல்லூரிப் பக்கத்து மருந்துக் கடையில் வாங்குவோம். தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைத்து, கேரள அரசு பஸ்ஸில் மடியில் ஏந்திக்கொண்டு வரவேண்டும். பாலராமபுரம் நெரிசலில் பஸ் நின்றுவிட்டால் அண்ணன் பெட்டியின் மூடியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான். ஓர் ஊசிக்குப் பல ஆயிரம் ரூபாய். ரப்பருக்கு நல்ல விலை இருந்த காலம் என்பதால் தப்பித்தோம். ஷீட் விற்ற காசெல்லாம் ஊசியாக மாறி ஃபிரிட்ஜில், மீன் குழம்புச் சட்டிக்கு மேல்தட்டில் உட்கார்ந்திருந்தது.

மைனிக்கு வந்தது ஹெபடைடிஸ் சி. தொண்ணூறுகளில் இரண்டாவது பிரசவத்தின்போது ரத்தம் ஏற்றியிருந்தார்கள். தானமாக வரும் ரத்தத்தில் இந்த வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது இந்தியாவில் 2001 வாக்கில்தான் கட்டாயமானது. அதற்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் பலர் இந்த வைரஸைத் தெரியாமலே சுமந்து திரிந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு ரத்தம் கொடுக்கப் போன இடத்தில் மைனிக்குத் தெரியவந்தது.

ஊசி தொடங்கி ஐந்தாவது மாதம் தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. முகம் ஊதியது, குரல் கரகரத்தது, அடுப்பங்கரையில் நின்றபடியே தூங்கி விழுந்தார். "ஊசிக்க சீணம்" என்றோம் நாங்கள். ஊசியோடு கொடுத்த ரிபாவிரின் மாத்திரை ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் என்று முன்பே சொல்லியிருந்ததால் ரத்தக் குறைவு என்றும் நினைத்தோம். பார்த்துக்கொண்டிருந்த மருத்துவமனையிலும் ஈரல் பரிசோதனைகளையும் ஹீமோகுளோபினையும்தான் பார்த்தார்கள். ஏழாவது மாதம் வேறொரு டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். வந்த எண் இருக்க வேண்டிய அளவைப் போலப் பல மடங்கு. தைராய்டு சுரப்பி கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. படுக்கவைத்தது மைனியின் சொந்த உடம்பு; அதை ஏவியது வெள்ளிக்கிழமை ஊசி.

ஊசியின் பெயர் இன்டர்ஃபெரான். நாள்பட்ட ஈரல் தொற்றுக்கு உலகம் முழுவதும் இருபத்தைந்து ஆண்டுக் காலம் இதுதான் முதன்மை ஆயுதம். அந்தக் காலம் முடிந்துவிட்டது. ஆனாலும் அதன் கணக்கை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டிய காரணம் இருக்கிறது. வைரஸை அடித்ததும் மைனியின் கழுத்தைக் கெடுத்ததும் மருந்தின் இரண்டு தனித்தனிக் குணங்கள் என்று நாம் பேசிக்கொள்கிறோம். 'பக்கவிளைவு' என்ற சொல்லே அப்படி நினைக்கவைக்கிறது. இந்த மருந்தைப் பொறுத்தவரை வேலையும் வினையும் ஒரே கை செய்தவை. இதைப் புரிந்துகொள்ளாமல் அடுத்து வரும் மருந்துகளுக்குள் நுழைந்தால் அதே ஏழாவது மாதத்தில்தான் போய் நிற்போம்.

1957இல் லண்டன் மில் ஹில்லில் இருந்த ஆய்வுக்கூடத்தில் அலிக் ஐசக்ஸ், ழான் லின்டென்மன் என்ற இருவர் கோழிமுட்டைச் சவ்வுகளில் வைரஸை விட்டுப் பார்த்தார்கள். ஒரு வைரஸ் தொற்றிய சவ்வு ஏதோ ஒரு பொருளை வெளிவிடுகிறது, அந்தப் பொருள் பட்ட இன்னொரு சவ்வில் வைரஸ் பெருகுவதில்லை என்று கண்டார்கள். வைரஸின் வேலையில் குறுக்கிடுவதால் இன்டர்ஃபெரான் என்று பெயர். பல ஆண்டுகள் அது பெயரளவில்தான் மருந்து. பின்லாந்தில் காரி கான்டெல் தானமாக வந்த ரத்தத்தின் வெள்ளணுக்களிலிருந்து துளித்துளியாக அதைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார். மரபணுத் தொழில்நுட்பம் வந்து பாக்டீரியாக்களே அதைத் தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான் தாராளமாகக் கிடைத்தது.

அமெரிக்காவில் ஜே ஹூஃப்னாகல் குழு 1986இல் பத்து நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. 'ஏயும் இல்லை, பியும் இல்லை' என்று மட்டும் சொல்லப்பட்ட மஞ்சள்காமாலை அவர்களுக்கு. பெரும்பாலானவர்களின் ஈரல் பரிசோதனை எண்கள் இறங்கின. அந்த நோயின் வைரஸுக்குப் பெயரும் முகமும் கிடைத்தது மூன்று ஆண்டு கழித்து, 1989இல். கண்டுபிடிப்புக்காக ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹாட்டன், சார்லஸ் ரைஸ் மூவருக்கும் நோபல் வந்தது 2020இல். எதிரி யாரென்று தெரியாமலே மருந்து கொடுக்க முடிந்ததே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. வைரஸைக் குறிபார்த்துச் செய்த மருந்தாக இருந்தால் அது முடிந்திருக்காது. இன்டர்ஃபெரான் வைரஸை அறியாது. அது உடம்பிடம் பேசும்.

என்ன பேசும்? உடம்பின் ஒவ்வொரு செல்லும் தனக்குள் தயாராகும் புரதங்களின் துண்டுகளை எடுத்துத் தன் மேற்பரப்பில் தொங்கவிட்டுக் காட்டும். முற்றத்துக் கொடியில் தொங்கும் ரப்பர் ஷீட்டைப் பார்த்து இந்த வீட்டில் பால் வெட்டு நடக்கிறது என்று தெருவில் போகிறவர் தெரிந்துகொள்வதுபோல, அந்தத் துண்டுகளைப் பார்த்து உள்ளே நடப்பதை டி செல்கள் தெரிந்துகொள்கின்றன. வைரஸ் துண்டு தொங்கினால் அந்த வீட்டை அழித்துவிடும். இன்டர்ஃபெரான் போய் எல்லா வீட்டுக் கொடியிலும் அதிகமாகத் தொங்கவிடச் சொல்கிறது. காவல்காரரை எழுப்பி, கூட்டி, கோபப்படுத்துகிறது. ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்களுக்கும் சாப்பாடு போட்டு வளர்க்கிறது. ஈரலில் ஒளிந்திருந்த வைரஸ் அகப்பட்டுக்கொள்கிறது.

தொல்லை என்னவென்றால், தைராய்டின் கொடியிலும் கணையத்தின் கொடியிலும் தோலின் கொடியிலும் அதே நேரத்தில் அதிகமாகத் தொங்குகிறது. நம் எல்லோருடைய உடம்பிலும் சொந்தத் திசுவையே எதிரியாகப் பார்க்கக்கூடிய டி செல்கள் கொஞ்சம் உண்டு. தைமஸ் சுரப்பியில் பெரும்பாலானவற்றை இளமையிலேயே ஒழித்துக்கட்டிவிடுகிறோம். தப்பி வந்தவை ஊரோரம் அடங்கிக் கிடக்கின்றன, அடக்கி வைக்க வேறு செல்கள் இருக்கின்றன. இன்டர்ஃபெரானின் கூக்குரலில் அவையும் விழித்துக்கொள்கின்றன. இதைத்தான் தன்னுடல் தாக்கு நோய் என்கிறோம். டாக்டர்கள் வாயில் ஆட்டோ இம்யூன்.

ஹெபடைடிஸ் சி வைரஸ் ஈரல் செல்லை நேரடியாகக் கொல்வதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஹெபடைடிஸ் பியும் அப்படியே. ஈரல் கெட்டுச் சுருங்குவது பெரும்பாலும் வைரஸைத் தேடி வரும் நம்முடைய சொந்தப் படையால்தான். முப்பது ஆண்டு நீளும் மெதுவான சொந்தச் சண்டையை ஓராண்டு உக்கிரச் சண்டையாக்கி முடித்துவிடலாம் என்பதுதான் இன்டர்ஃபெரான் சிகிச்சையின் உள்கணக்கு.

அதன் வினைகளில் அதிகம் பதிவானது தைராய்டு. மார்பகப் புற்றுநோய்க்கு இன்டர்ஃபெரான் பெற்ற பெண்களிடம் தைராய்டு குறைந்ததை 1985இலேயே லண்டன் மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். பிறகு ஹெபடைடிஸ் சி நோயாளிகள் லட்சக்கணக்கில் இந்த ஊசியைப் பெற்றபோது படம் தெளிவானது. நூற்றில் 40 பேருக்கு வரை தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடிகள் உருவாகலாம். 15 பேருக்கு வரை நோயாகவே வெளிப்படலாம். சுரப்பி மெல்ல அணைந்துபோகும் ஹாஷிமோட்டோ வகைதான் அதிகம். சிலருக்கு நேர்மாறாக, சுரப்பி தறிகெட்டுச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய்: நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், கண் பிதுங்கும். மூன்றாவதாக ஒன்றுண்டு. இன்டர்ஃபெரான் நேராகவே தைராய்டு செல்களைச் சிதைத்து, உள்ளிருந்த ஹார்மோன் ஒரேயடியாகக் கொட்டி, சில வாரம் மிகையாகவும் பிறகு குறைவாகவும் ஆடி, பலருக்குத் தானாகவே சரியாகிவிடும். இந்த மூன்றாவதைக் கிரேவ்ஸ் என்று தவறாக நினைத்துச் சுரப்பியை அடக்கும் மாத்திரை கொடுத்த கதைகளும் மருத்துவ ஏடுகளில் வந்தன.

யாருக்கு வரும் என்று முன்கூட்டியே ஓரளவு சொல்ல முடிந்தது. பெண்களுக்கு அதிகம். ஊசி தொடங்கும் முன்பே தைராய்டு ஆன்டிபாடி இருப்பவர்களுக்கு மிக அதிகம். சென்னை உள்ளிட்ட எட்டு இந்திய நகரங்களில் நடந்து 2013இல் வெளியான ஆய்வொன்றில் வயதுவந்தவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைவும், சுமார் 22 சதவீதம் பேருக்கு அந்த ஆன்டிபாடியும் இருந்தன. ஐந்தில் ஒருவர். இப்படிப்பட்ட நாட்டில் ஊசிக்கு முன் ஒரு டி.எஸ்.எச்., ஓர் ஆன்டிபாடி, பிறகு பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். என்று வழிகாட்டு நெறிகள் சொன்னதைக் கடைப்பிடிப்பது பெரிய செலவில்லை. ஊசியின் விலையோடு ஒப்பிட்டால் பஸ் கட்டணம். கடைப்பிடிக்காததற்கு ஒரு காரணம், இன்டர்ஃபெரானின் சாதாரணச் சோர்வும் தைராய்டுக் குறைவின் சோர்வும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தது. முடி உதிர்வு, மனச்சோர்வு, எடை மாற்றம் எல்லாம் இரண்டிலும் உண்டு. எல்லாத் துன்பத்துக்கும் 'ஊசிதான்' என்ற ஒரே பதில் தயாராக இருந்ததால் யாரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை.

மற்றவை அரிது, வந்தால் கடுமை. நூற்றில் ஒருவருக்கும் குறைவாக, கணையத்தின் பீட்டா செல்கள் தாக்கப்பட்டு முதல்வகை நீரிழிவு வந்தது. தாகமும் சிறுநீரும் கூடி, சில வாரங்களில் சர்க்கரை எகிறி, பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க இன்சுலின். நடுவயதுக்காரருக்குச் சர்க்கரை என்றால் நம் ஊரில் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. சாதாரண இரண்டாம் வகை என்று மாத்திரை கொடுத்து நாள் கடத்துவதில் ஆபத்து இருந்தது. அடங்கிக் கிடந்த சொரியாசிஸ் பொங்கியது. வெண்புள்ளி பரவியது. ரத்தத் தட்டணுக்களையோ சிவப்பணுக்களையோ உடம்பே அழித்தது. நுரையீரலிலும் தோலிலும் சார்காய்டோசிஸ் என்ற முடிச்சு நோய் வந்து, ஊசியை நிறுத்தியதும் பெரும்பாலும் கரைந்தது. எல்லாவற்றையும் இங்கே அடுக்குவதில் பயனில்லை. தசை, நரம்பு, மூட்டு என்று எந்த உறுப்பைச் சொன்னாலும் எங்காவது ஒரு மருத்துவர் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

லூபஸ் மட்டும் தனியாகப் பேச வேண்டியது. லூபஸ் நோயாளிகளின் ரத்தத்தில் இன்டர்ஃபெரான் கூடுதலாக இருப்பது 1979இலேயே தெரியும். ஆனால் அது நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்று தெரியவில்லை. 1990இல் ஸ்வீடனில், உப்சலாவில், குடல்சார்ந்த கார்சினாய்டு வகைக் கட்டிக்கு இன்டர்ஃபெரான் பெற்ற ஒருவருக்கு லூபஸ் வந்ததாக லார்ஸ் ரோன்புளோம் குழு எழுதியது. வெளியிலிருந்து இன்டர்ஃபெரானைக் கொடுத்தால் லூபஸ் பிறக்கிறதென்றால், அது காரணமாக இருக்கத்தான் வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வலுத்தது. முப்பது ஆண்டு கழித்து, 2021இல், இன்டர்ஃபெரானின் வாசலை அடைக்கும் அனிஃப்ரோலுமாப் என்ற மருந்து லூபஸுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரு நோயாளிக்கு வாரந்தோறும் ஊற்றியதையே இன்னொரு நோயாளிக்கு அடைத்து வைக்கிறோம். இன்டர்ஃபெரான் சிகிச்சையின் மிகப் பெரிய கொடை, அது ஈரலில் செய்த வேலையைவிட, தன்னுடல் தாக்கு நோய்கள் எப்படிப் பிறக்கின்றன என்று காட்டிக்கொடுத்ததுதான் என்று எனக்குச் சில நேரம் தோன்றும். அந்தப் பாடத்துக்கான கட்டணத்தை நோயாளிகள் கட்டினார்கள்.

இவ்வளவு பழியையும் மருந்தின் தலையில் மட்டும் வைத்தால் நியாயமாகாது. ஹெபடைடிஸ் சி வைரஸே இந்த விஷயத்தில் யோக்கியமானது இல்லை. ஊசி போடாத நோயாளிகளிடமும் தைராய்டு ஆன்டிபாடிகள், வாயில் லைக்கன் பிளேனஸ், குளிரில் உறையும் புரதங்களால் ரத்தக்குழாய் வீங்கும் கிரையோகுளோபுலினீமியா எல்லாம் வழக்கத்தைவிட அதிகம். வைரஸின் புரதத்துக்கும் ஈரலின் சொந்த நொதி ஒன்றுக்கும் சாயல் இருப்பதால் அந்த நொதிக்கு எதிரான ஆன்டிபாடியும் சிலருக்கு உருவாகிறது. ஹெபடைடிஸ் பிக்காக இதே இன்டர்ஃபெரானைப் பெற்றவர்களிடம் தைராய்டுத் தொல்லை குறைவாகவே காணப்பட்டது. ஆக, வைரஸ் விறகு அடுக்கி வைத்திருந்தது, ஊசி தீக்குச்சி என்று கொள்வது உண்மைக்குப் பக்கத்தில் வரும். நோயாளியின் மரபணு மண்ணெண்ணெய். மூன்றில் எது எவ்வளவு என்று தனி ஒருவரிடம் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. மைனியிடமும் முடியாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்த ஒரு குழப்பம் இதைவிடக் கொடுமை. ஈரலை உடம்பே தாக்கும் ஆட்டோ இம்யூன் ஹெபடைடிஸ் என்றொரு நோய் உண்டு; பிரெட்னிசலோன் கொடுத்து உடம்பின் கோபத்தைத் தணித்தால் அடங்கும். அந்த நோயாளிகளின் ரத்தத்தில் காமா குளோபுலின் எக்கச்சக்கமாக இருக்கும். ஹெபடைடிஸ் சிக்கு முதலில் வந்த ரத்தப் பரிசோதனை அதைப் பார்த்து ஏமாந்து 'சி இருக்கிறது' என்று காட்டிவிடும். அப்படித் தவறாகக் கணித்து இன்டர்ஃபெரான் கொடுக்கப்பட்டவர்களுக்கு ஈரல் மேலும் எரிந்தது. அணைக்க வேண்டிய தீயில் நெய். பிறகு வந்த பரிசோதனைகள், குறிப்பாக வைரஸின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர்., இந்தக் குழப்பத்தைத் தீர்த்தன.

மஞ்சள்காமாலை என்றதும் கன்னியாகுமரி மாவட்டத்தில் முதலில் நினைவுக்கு வருவது ஆசான்களின் பச்சிலை. மைனியும் ஊசிக்கு முன் ஒரு மண்டலம் கீழாநெல்லி அரைத்து மோரில் குடித்தவர்தான். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய பாருக் புளூம்பெர்க்கோடு சேர்ந்து, கீழாநெல்லியைச் சோதித்து 1988இல் லான்செட் இதழில் எழுதினார்கள். முப்பது நாள் பொடி கொடுத்ததில் 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்திலிருந்து வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்தது. வெறும் பொடி பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டும். உலகமே திரும்பிப் பார்த்தது. தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்துபார்த்தபோது அந்த முடிவு திரும்ப வரவில்லை. நம் நாட்டு மூலிகை ஒன்று இவ்வளவு கறாரான சோதனைக்கு உட்படுத்தப்பட்டது பெருமைதான். திரும்ப வராத முடிவைக் காட்டி இன்றும் பாக்கெட் விற்பது வேறு விஷயம்.

'நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' என்ற விளம்பர வாசகம் எல்லா மூலிகைப் பாக்கெட்டிலும் இருக்கிறது. கூட்டினால் நல்லது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். கொரோனாக் காலத்தில் சீந்தில் கொடி அப்படித்தான் வீட்டுக்கு வீடு கஷாயமானது. 2021இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் குடித்த ஆறு பேருக்கு ஆட்டோ இம்யூன் ஹெபடைடிஸ் போன்ற ஈரல் அழற்சி வந்ததை எழுதினார்கள். 2022இல் நாட்டின் 13 மருத்துவ மையங்களிலிருந்து 43 பேரின் விவரங்கள் வெளியாயின. ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. தவறான செடியாக இருக்கலாம் என்ற வாதமும் வந்தது. நோயாளிகள் பலரிடம் தன்னுடல் தாக்கும் போக்கு முன்பே உள்ளே படுத்திருந்திருக்க வேண்டும், கஷாயம் அதை எழுப்பிவிட்டது என்பதே மருத்துவர்களின் கணிப்பு. அட்டைப் பெட்டியில் வந்த ஊசியும் அடுப்பில் கொதித்த கொடியும் ஒரே கதவைத் தட்டியிருக்கின்றன.

மைனியின் சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. 2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் வந்தது. தினம் ஒரு மாத்திரை, பன்னிரண்டு வாரம். உடம்பிடம் எதுவும் பேசாமல், வைரஸ் தன்னை நகலெடுக்கும் நொதியில் நேராகப் போய் அடைப்பு வைக்கும் மருந்து. விலை 84,000 டாலர். அதாவது ஒரு மாத்திரை ஆயிரம் டாலர். 2014இல் கிலியட் நிறுவனம் ஏழு இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்தது. 2015 மார்ச்சில் நாட்கோ நிறுவனம் 28 மாத்திரை கொண்ட புட்டியை 19,900 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. போட்டியில் விலை மேலும் விழுந்தது. 2018 ஜூலை 28 அன்று, புளூம்பெர்க்கின் பிறந்தநாளான உலக ஹெபடைடிஸ் தினத்தில், மத்திய அரசின் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. இன்று அரசு மருத்துவமனைகள் வழியாக இந்த மாத்திரை இலவசம். இன்டர்ஃபெரான் தனியாக இருந்த காலத்தில் நூற்றில் பத்துப் பதினைந்து பேர், ரிபாவிரினோடும் நீண்ட நாள் நிற்கும் பெக் இன்டர்ஃபெரானோடும் பாதிக்குச் சற்று மேல் என்றிருந்த குணமாகும் விகிதம், மாத்திரைகளால் 95ஐத் தாண்டிவிட்டது. பனி இல்லை, நடுக்கம் இல்லை, தைராய்டும் தன் பாட்டுக்கு இருக்கிறது. வைரஸ் போனதும் பலருக்கு அந்தக் கிரையோகுளோபுலின் தொல்லைகூடத் தணிகிறது.

அப்படியும் அந்த மாத்திரைகள் ஒரு பழைய பாடத்தை நினைவூட்டின. பி, சி இரண்டும் உள்ளவரிடம் சி திடீரென்று ஒழிந்தபோது, அதுவரை அடங்கிக் கிடந்த பி எழுந்தது. சிலர் ஈரல் செயலிழந்து இறந்தார்கள். 2016இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எல்லா சி மாத்திரைப் பெட்டிகளிலும் கட்டம் கட்டிய எச்சரிக்கையைப் போடச் சொன்னது. அதனால்தான் இன்று சி மாத்திரைக்கு முன் பி பரிசோதனை கட்டாயம்.

பி தான் இப்போது பெரிய கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி இந்தியாவில் நாள்பட்ட ஹெபடைடிஸ் சி உள்ளவர்கள் 55 லட்சம். பி உள்ளவர்கள் 2 கோடியே 98 லட்சம். டெனோஃபோவிர், என்டகாவிர் மாத்திரைகள் பியை அடக்கி வைக்கும், ஒழிக்காது. ஈரல் செல்லின் உட்கருவுக்குள் வைரஸ் தன் மூலப்பிரதியைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்கிறது. ஆகவே பலருக்கு மாத்திரை பத்திருபது வருடம், சிலருக்கு ஆயுள் முழுக்க. நிறுத்தக்கூடிய சிகிச்சை வேண்டும் என்று கேட்பவர்களில் தேர்ந்தெடுத்த சிலருக்கு இன்றும் 48 வாரப் பெக் இன்டர்ஃபெரான் கொடுக்கப்படுகிறது. பியின் தோளில் ஏறிவரும் டெல்டா வைரஸுக்கும் அதுதான் நெடுநாள் துணை. ஈரல் ஏற்கெனவே கைவிடும் நிலையில் இருந்தால் மட்டும் கூடாது. இன்டர்ஃபெரான் எழுப்பும் சண்டையைத் தாங்க அந்த ஈரலில் மிச்சம் எதுவும் இருக்காது. கட்டுக்கடங்காத தன்னுடல் தாக்கு நோயோ தீவிர மனச்சோர்வோ உள்ளவருக்கும் கூடாது.

புற்றுநோய்ப் பிரிவில் இதே கதை புது வேடத்தில் வந்துவிட்டது. டி செல்களின் பிரேக்கை விடுவிக்கும் மருந்துகள் 2011இல் இபிலிமுமாப்போடு தொடங்கின. அந்தப் பிரேக்கைக் கண்டறிந்ததற்காக ஜேம்ஸ் ஆலிசனும் தசுக்கு ஹோஞ்சோவும் 2018இல் நோபல் வாங்கினார்கள். 2020 முதல் முற்றிய ஈரல் புற்றுக்கே அட்டெசோலிசுமாப், பெவாசிசுமாப் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஈரல் புற்றில் பெரும் பங்கு பியும் சியும் பல ஆண்டு அரித்த ஈரலில்தான் முளைக்கிறது. பிரேக்கை எடுத்தால் என்ன வருகிறது? தைராய்டு, முதல்வகை நீரிழிவு, சொரியாசிஸ், ஈரல் அழற்சி. முப்பது ஆண்டுக்கு முன் இன்டர்ஃபெரான் போட்ட அதே பட்டியல், கொஞ்சம் உரத்த குரலில். ஹெபடைடிஸ் பியையே இந்தப் பிரேக் மருந்துகளால் ஒழிக்க முடியுமா என்ற சோதனைகளும் நடந்துவருகின்றன. அவற்றை நடத்துபவர்கள் பழைய இன்டர்ஃபெரான் கோப்புகளைத் தூசி தட்டிப் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

இன்டர்ஃபெரானை இகழ்வதற்கு முன் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 2020இல் உயிருக்குப் போராடிய கொரோனா நோயாளிகள் 987 பேரை ஆராய்ந்ததில், 101 பேருக்குச் சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் ஆன்டிபாடிகள் இருந்தன. பத்தில் ஒருவர். அதாவது தன்னைத் தாக்கும் உடம்பு அங்கே தாக்கியது இன்டர்ஃபெரானையே. அது இல்லாமல் போனதால் வைரஸ் தலைவிரித்து ஆடியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் இந்தியாவில் ஸைடஸ் நிறுவனத்தின் பெக் இன்டர்ஃபெரான், அதுவரை ஈரலுக்கு விற்றுக்கொண்டிருந்த மருந்து, விராஃபின் என்ற பெயரில் மிதமான கொரோனாவுக்கு அவசர அனுமதி பெற்றது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே வேறு சட்டை போட்டுவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

மைனிக்கு வைரஸ் போய்விட்டது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் இல்லை. அதற்குப் பிறகும் இல்லை. ஈரல் நன்றாக இருக்கிறது. தைராய்டு திரும்பவில்லை. காலையில் அண்ணன் பால் வெட்டுக்குக் கிளம்பும்போதே வெறும் வயிற்றில் தைராக்ஸின் மாத்திரையைப் போட்டுவிட்டு, சாயா குடிக்க அரைமணி நேரம் காத்திருப்பார். அந்த அரைமணியில் முற்றம் தூத்து முடிந்துவிடும்.

சென்ற ஆண்டு கண் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வேறு என்ன நோய் என்று இளம் டாக்டர் கேட்டார். "தைராய்டு உண்டு. ஈரலுக்கு வச்ச ஊசியில வந்தது" என்றார் மைனி. டாக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சீட்டில் 'தைராய்டு' என்று மட்டும் எழுதினார். இன்டர்ஃபெரானை அவர் பாடப்புத்தகத்தில் படித்திருப்பார், கையில் எடுத்திருக்க மாட்டார். அந்தக் காலத்தில் ஊசி பெற்றவர்கள் எத்தனை பேருக்கு இப்படித் தைராய்டும் சர்க்கரையும் மட்டும் தனியே ஏட்டில் நிற்கின்றன, காரணம் அறுந்துபோய்? அவர்களுக்குப் பிறகொரு நாள் பிரேக்கை எடுக்கும் புற்றுநோய் மருந்து தேவைப்பட்டால் அந்த அறுந்த வரி மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது. மைனியின் பழைய கோப்பை நான் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, முதல் தாளில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

தெர்மோகோல் பெட்டி இன்னும் இருக்கிறது. மூடியில் ஒரு மூலை உடைந்துவிட்டது. தேங்காய்ப்பட்டணத்துக்கு மீன் வாங்கப் போகும்போது அண்ணன் அதைத்தான் எடுத்துக்கொண்டு போவான்.